பெட்டி கட்டும் தம்பி தங்கைகளுக்கு

விழுப்புரம், திண்டிவனம் சபைகளின் வாலிபர் ஐக்கியத்துத் தம்பி தங்கைகளுக்கு,



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து ஒரே கேள்வி என்னைத் துரத்துகிறது. ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது ஒருவன் கேட்கிறான். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பின்சீட்டிலிருந்து ஒருத்தி கேட்கிறாள். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸாப்பில் மூன்று பேர் கேட்கிறார்கள். "அக்கா, ஐரோப்பாவுல பைபிள் ஸ்கூலுக்கு எப்படிப் போறது?" தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லாருக்கும் பொதுவாக, உங்கள் அப்பா அம்மாவும் சபை ஐயரும் படிக்கும்படியே எழுதுகிறேன். நான் டென்மார்க்கில் ஒரு பைபிள் பள்ளியில் படித்துவிட்டு வந்தவள் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பைபிள் ஸ்கூல் வேறு, செமினரி வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு மேஜர் இயன் தாமஸ் என்பவர் இங்கிலாந்தின் லங்காஷயரில் கேப்பன்ரே ஹால் என்ற பழைய மாளிகையை வாங்கி வாலிபர்களுக்கு வேதம் கற்பிக்கத் தொடங்கினார். ஆஸ்திரியாவில் ஷ்லாட்மிங்கின் டவெர்ன்ஹோஃப், சுவீடனில் ஹோல்ஸ்பி என்று அதன் கிளைகள் பரவின. இவற்றில் படிப்பு சில மாதங்கள், மிஞ்சினால் ஒரு வருஷம். பட்டம் கிடையாது. டென்மார்க்கில் இன்னும் ஒரு படி மேலே. அங்கே குருண்ட்விக் என்ற போதகரின் சிந்தனையிலிருந்து 1844இல் முதல் மக்கள் பள்ளி ரோடிங் என்ற ஊரில் பிறந்தது. பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது, எல்லாரும் ஒரே வளாகத்தில் தங்கிச் சாப்பிட்டுப் பாடிப் பேசிக் கற்பதுதான் அதன் முறை. டேனிஷ் பைபிள் பள்ளிகள் பல இந்த அச்சில்தான் நடக்கின்றன. மார்க் ஷீட் இல்லாத படிப்புக்கு லட்சக்கணக்கில் செலவா என்று உங்கள் அப்பா கேட்டால் அவர் கேள்வியில் தப்பில்லை. பதிலை நீங்கள்தான் தயாராக வைத்திருக்க வேண்டும்.

போதகராக வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால், பைபிள் ஸ்கூல் சான்றிதழ் இங்கே செல்லாது. நம் சபைகளில் அபிஷேகம் பெற பி.டி. என்ற இறையியல் பட்டம் வேண்டும். சென்னை கீழ்ப்பாக்கத்துக் குருகுலம், மதுரை அரசரடி, பெங்களூரு யு.டி.சி. எங்கே படித்தாலும் பட்டம் தருவது செராம்பூர் செனட். அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? வில்லியம் கேரியும் நண்பர்களும் 1818இல் வங்காளத்தில் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827இல் சாசனம் எழுதிக் கொடுத்தவர் டென்மார்க் மன்னர் ஆறாம் ஃபிரெடெரிக். செராம்பூர் அப்போது டேனிஷ்காரர்களின் ஊர், நம் தரங்கம்பாடியைப் போலவே. 1845இல்தான் இரண்டையும் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். ஆக, கீழ்ப்பாக்கத்தில் உட்கார்ந்து வாங்கும் பட்டத்திலும் ஒரு டேனிஷ் ராஜாவின் கையெழுத்து இருக்கிறது. அதற்காகக் கோபன்ஹேகனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் கேட்ட பிறகும் போகத்தான் வேண்டும் என்றால், காகித வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். அதற்கு மேல் தங்கிப் படிக்க அந்தந்த நாட்டின் தங்கும் அனுமதியைத் தனியாக வாங்க வேண்டும். "டூரிஸ்ட் விசால போயிடு, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொல்பவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். ஜெர்மனியின் மாணவர் விசாவுக்கு ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முடக்கப்பட்ட கணக்கில் முன்கூட்டியே காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. பள்ளிக் கட்டணம் இதில் சேர்ந்ததா, தனியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், "மிஷன் ஸ்பான்சர் இருக்கிறார், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று ஜெபத்தோடு பேசிய ஒருவரிடம் நகையை விற்றுப் பணம் கொடுத்துவிட்டு இன்றும் அவர் போனை எடுப்பார் என்று காத்திருக்கிறது. பள்ளி நேரடியாக உங்கள் பெயருக்கு அனுப்பாத எந்தக் கடிதமும் கடிதமில்லை.

இனி அங்கத்து வாழ்க்கைக்கு வருகிறேன்.

காலையில் எல்லாரும் ஒரு கூடத்தில் கூடுவார்கள். நீலமோ பழுப்போ அட்டை போட்ட தடித்த பாட்டுப் புத்தகம் ஒன்று ஆளுக்கொன்று. பக்திப் பாட்டு, நாட்டுப் பாட்டு, வசந்தகாலப் பாட்டு எல்லாம் அதே புத்தகத்தில். பியானோ தொடங்கியதும் பக்கத்திலிருப்பவன் குரல் நன்றாயிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, பாடுகிறார்கள். பிறகு பாடம். பாடம் டேனிஷில். எனக்குப் பக்கத்தில் ஒரு மாணவி உட்கார்ந்து ஆங்கிலத்தில் காதோடு சொல்லிக்கொண்டே வருவாள். ஆசிரியர் ஒரு வேடிக்கை சொல்லி வகுப்பே சிரித்து ஓய்ந்தபின் எனக்கு அது வந்து சேரும். தனியாகச் சிரித்துப் பழகினேன்.

அந்த ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். சார் கிடையாது, ஐயா கிடையாது, ரெவரெண்ட் கிடையாது. என் அப்பா வயதுள்ள ஒருவரை வெறும் பெயரால் அழைக்க எனக்கு நா எழவில்லை. வாரக்கணக்கில் அவர் திரும்பிப் பார்க்கும்வரை பக்கத்தில் போய் நின்றுகொண்டிருப்பேன். சாப்பாடு முடிந்ததும் அதே மனிதர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு என்னோடு பாத்திரம் கழுவ வந்துவிடுவார். சமையலறை வேலை எல்லாருக்கும் முறை வைத்து வரும். தட்டில் மிச்சம் வழித்து, சூடான தண்ணீரைப் பீய்ச்சி, ட்ரேயில் அடுக்கி, இயந்திரத்துக்குள் தள்ளி, மறுபக்கம் ஆவி பறக்க வருவதை விரல் சுடச் சுட எடுத்து அடுக்க வேண்டும். நம் வீடுகளில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் எழுந்துபோகும் தம்பிகளே, உங்களுக்கு வேதபாடம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

மத்தியானத்துக்குக் கம்பு நிறத்தில் புளிப்பான, ஈரமான, கனத்த ரொட்டி. முதல் வாரம் அதைப் பார்த்தாலே அழுகை வந்தது. ஊறுகாய் தொட்டுத் தின்னலாம் என்று கண்டுபிடித்தபின் பிழைத்துக்கொண்டேன். டிசம்பரில் மூன்றரை, மூன்றே முக்கால் மணிக்குச் சூரியன் போய்விடும். இங்கே பள்ளிக்கூடம் விடாத நேரத்தில் அங்கே ராத்திரி. குளிரை ஜாக்கெட்டால் சமாளிக்கலாம், அந்த இருட்டைச் சமாளிக்கத்தான் ஆள் வேண்டும். மனசு சுருங்கும். அப்போது அறைக்குள் முடங்காமல் கூடத்தில் வந்து உட்காருங்கள், யாராவது மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார்கள். பேசாமலும் கூட இருக்கலாம்.

படிப்பில் எனக்குக் கிடைத்ததில் பெரியது ஒன்று. நாம் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அதில் எரேமியா 29:11 எத்தனை பேருக்கு விழுந்திருக்கும்! என் வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஒட்டியிருந்தது. அங்கே அந்த ஒரே அதிகாரத்தை ஒரு காலை முழுவதும் படித்தோம். யார் எழுதியது, யாருக்கு, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு. எருசலேமிலிருந்து பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போன கடிதம் அது. முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அதாவது, கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டுபோன அந்த ஊர் நன்றாயிருக்க ஜெபம் பண்ணுங்கள் என்பது அதே கடிதத்தின் தொடக்கம். அட்டையில் இதற்கு இடமில்லை. வசனத்தை அதன் ஊரோடும் காலத்தோடும் சேர்த்துப் படிக்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால், டி.வி. பிரசங்கிகளில் பாதிப் பேரை உங்களால் கேட்க முடியாது. ஆசிரியர் சொன்னதையே ஒரு மாணவன் எழுந்து மறுத்ததையும், அவர் "இருக்கலாம், நாளைக்குப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றதையும் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் வேதபாட வகுப்பில் இது நடக்குமா?

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

அங்கே உங்களை மிஷன் கூட்டங்களுக்கு அழைப்பார்கள். கிராமத்துச் சபைக் கூடம், காபி, கேக், எழுபது எண்பது வயதுப் பெண்கள். இவர்களில் பலர் சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து தென்னாற்காட்டு ஊழியத்துக்குக் காசு போட்டவர்கள். திருக்கோவிலூர், திருவண்ணாமலை, மேல்பட்டாம்பாக்கம் என்ற பெயர்களை அவர்கள் வாயால் கேட்கும்போது மயிர்க்கூச்செறியும். அன்பில் குறையே இல்லை. ஆனால் என்னைப் புடவை கட்டிவரச் சொன்னார்கள். "உங்கள் ஊரில் கிணறு இருக்கிறதா? பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவார்களா?" என்று கேட்டார்கள். மேடையில் நான் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும் என்று எல்லா முகங்களும் காத்திருந்தன. எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அம்மா டீச்சர். திண்டிவனத்தில் மூன்று பக்கமும் பஸ் போகிறது. எந்த இருட்டைச் சொல்ல?

நான் எஸ்தர் ஃபேரிங்கின் கதையைச் சொன்னேன். டேனிஷ் மிஷனின் ஊழியராகத் திருக்கோவிலூரில் இருந்த இளம்பெண். 1917இல் ஆன் மேரி பீட்டர்சன் என்ற மூத்த தோழியோடு அகமதாபாத்துக்குப் போய்க் காந்தியைச் சந்தித்தார். காந்தி அவரை மகளாகவே பாவித்து வருஷக்கணக்கில் கடிதம் எழுதினார். மிஷன் நிர்வாகத்துக்கும் ஆங்கிலேய அரசாங்கத்துக்கும் அது பிடிக்கவில்லை. எஸ்தர் மிஷனை விட்டு விலகினார், டாக்டர் மேனன் என்ற மலையாளியை மணந்தார். பீட்டர்சனும் விலகினார். பரங்கிப்பேட்டையில் அவர் எழுப்பிய சேவாமந்திர் பள்ளிக்கு 1921இல் காந்தியே அடிக்கல் நாட்டினார். குருண்ட்விக்கின் மக்கள் பள்ளியும் காந்தியின் தேசியக் கல்வியும் கைகோத்த இடம் அது. இதையெல்லாம் சொல்லி முடித்தபோது கூடம் அமைதியாக இருந்தது. அவர்கள் நாட்டுப் பெண்களின் கதை அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. பிறகு ஒரு பாட்டி கேட்டார்: "அவர்களை ஏன் விலக விட்டோம்?" அதற்குமேல் யாரும் கிணற்றைப் பற்றிக் கேட்கவில்லை. இரவு ஒன்பதரை வரை பேசினோம், கேக் தீர்ந்துவிட்டது.

கை நீட்டி வாங்க மட்டும் போனீர்களானால் அவர்கள் ஆல்பத்தில் ஒரு படமாகத் திரும்பி வருவீர்கள். சொல்ல ஏதாவது வைத்துக்கொண்டு போங்கள். சொல்ல வேண்டியது இந்த மண்ணிலேயே கொட்டிக் கிடக்கிறது.

விடுமுறையில் ரயில் பிடித்து ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போனேன். ஹம்பர்க்கில் மாறிப் போக வேண்டும். பிராங்கே என்ற போதகர் 1698இல் கட்டத் தொடங்கிய அநாதைப் பிள்ளைகள் இல்லம் நெடுக நீண்டு நிற்கிறது. மிஷனரி சீகன்பால்கு படித்த ஊர் இதுதான். அவர் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியதும், தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்ததும் ஞாயிறு பள்ளியில் நாம் மனப்பாடம் செய்தவைதான். நமக்குச் சொல்லித்தராத பெயர் மலையப்பன். 1714இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது பேதுரு மலையப்பன் என்ற தமிழ் இளைஞனும் கூடப் போனான். மாதக்கணக்கில் கடல். 1715இல் நார்வேயின் பெர்கனில் கரை இறங்கி, டென்மார்க் ராஜா போர்முனையில் இருந்த இடம்வரை போய், ஹாலே வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்கு அந்தக் கப்பல் பயணத்தில்தான் லத்தீனில் தமிழ் இலக்கணம் எழுதினார், அது 1716இல் ஹாலேயில் அச்சானது. நடுக்கடலில் அவருக்குத் தமிழில் பேசக் கூட இருந்தவன் மலையப்பன். ஹாலேயில் படித்துவிட்டு 1716இல் அவரோடு திரும்பினான். நம்மிலிருந்து ஐரோப்பாவுக்கு வேதம் படிக்கப் போன அந்த ஆரம்ப காலத்து மாணவன், கற்றுக்கொள்ள மட்டும் போகவில்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

அந்த இல்லத்தின் மாடியில், ஓட்டுக்கூரைக்குக் கீழே, ஓவியம் தீட்டிய அலமாரிகள் வரிசையாக நிற்கும் ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து மிஷனரிகள் அனுப்பிய பொருள்கள். காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் இருக்கின்றன. ஒரு பக்கம் பெருமை. இன்னொரு பக்கம் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: சீகன்பால்கு நம் ஊர்த் தெய்வங்களைப் பற்றி, நம் ஆட்களையே கேட்டுக் கேட்டு எழுதிய பெரிய நூலை 1713இல் அனுப்பிவைத்தபோது ஹாலே அதை அச்சிட மறுத்துவிட்டது. புறமதத்தைப் பற்றிய கதைகள் ஐரோப்பாவில் எதற்கு என்பது அவர்கள் எண்ணம். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867இல், சென்னையில்தான் அது வெளிவந்தது. மிஷன் கூட்டத்தில் என்னிடம் ஒரே மாதிரிக் கதையை எதிர்பார்த்தது புதிய பழக்கமில்லை என்று அந்த மாடிப்படியில் நின்றபோது புரிந்தது.

கோபன்ஹேகனின் ஆவணக் காப்பகத்தில் ஒரு கடிதம் இருக்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தமிழில் அனுப்பிய பொன் ஓலை. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்ட இடம் கிடைத்தது அந்த உடன்பாட்டில்தான். முதலில் இடம் கொடுத்தது நாம். டேனிஷ் நண்பர்கள் மேசையில் இதைச் சொல்லும்போது குரலை உயர்த்த வேண்டியதில்லை, தேதியைச் சொன்னால் போதும்.

பெருமையை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு போகவும் முடியாது. "உங்கள் சபைகளில் சாதி இருக்கிறதா?" என்று நிச்சயம் கேட்பார்கள். மழுப்பாதீர்கள். கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி லைப்சிக் மிஷனை விட்டு வெளியேறியதே சபைக்குள் சாதியை அனுமதிக்கக் கூடாது என்ற சண்டையில்தான். 1860களில் அவர் மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய ஊழியத்தைத்தான் டேனிஷ் மிஷன் ஏற்றது, ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதில் வளர்ந்தது. அந்த வேரிலிருந்து வந்த நாம் கல்யாணப் பேச்சில் முதலில் விசாரிப்பது எதை? 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், ஒரே கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள் சாதியால் மோதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். நான் அங்கே இதைச் சொன்னேன். சொல்லும்போது கூசியது. ஆனால் ஒரே மேசையில் யார் யாரோடும் உட்கார்ந்து ரொட்டி தின்ற நான், ஊர் திரும்பியபின் எந்தத் தெருவுக்குள் நுழைந்து எந்த வீட்டில் தண்ணீர் குடித்தேன் என்பதில்தான் அந்தப் படிப்பு தெரியும். டென்மார்க்கின் ஜட்லாண்டில் ஒரு தமிழர் விருந்துக்குப் போனபோது ஒருவர் பேச்சுவாக்கில் "ஊரில எந்தப் பக்கம்?" என்று என்னைக் கேட்டார். எதற்காகக் கேட்கிறார் என்று எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. விமானத்தில் சாதிக்குத் தனி டிக்கெட் கேட்பதில்லை.

ஆனாலும் அந்தத் தமிழர்களைத் தேடிப் போங்கள். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து அகதிகளாகப் போனவர்கள் டென்மார்க்கின் சின்னச் சின்ன ஊர்களில் குடியேறினார்கள். பிராண்டே என்ற ஊரில் அபிராமி அம்மன் கோவில் இருக்கிறது. ஜெர்மனியின் கெவெலார் மாதா கோவிலுக்கு ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் வருகிறார்கள், கத்தோலிக்கரும் சைவரும் கலந்து. டென்மார்க் தமிழரின் பிள்ளைகளுக்கு டேனிஷ் சரளம், தமிழ் தட்டுத்தடுமாறும். ஒரு தமிழ்ச் சபையில் என்னைச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரச் சொன்னார்கள். வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றைத் தாளத்தோடு பாடிக் காட்டினேன். தரங்கம்பாடியும் தஞ்சாவூரும் வளர்த்த அந்தப் பாட்டை, டென்மார்க்கில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் டேனிஷ் உச்சரிப்பில் திருப்பிப் பாடினார்கள். உங்கள் கையிலிருக்கும் பாமாலைப் புத்தகத்தையும் கீர்த்தனைப் புத்தகத்தையும் மறக்காமல் பெட்டியில் வையுங்கள். இரண்டு கிலோ அரிசியைக் குறைத்துக்கொள்ளலாம்.

அங்கத்துக் கோயில்கள் காலியாக இருக்கும். டென்மார்க்கில் பத்தில் ஏழு பேர் இன்னும் தேசியத் திருச்சபையின் உறுப்பினர்கள், வரியும் கட்டுகிறார்கள். ஞாயிறு காலை எட்டு வரிசையில் பதினைந்து தலை. ஜெர்மனியில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் இருவரையும் சேர்த்தாலும் மக்கள்தொகையில் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. இதைப் பார்த்து "ஐரோப்பா விழுந்துபோச்சு" என்று ஊருக்கு ரெக்கார்டிங் அனுப்பும் அண்ணன்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். ஆஸ்பத்திரியில் காசு கேட்காத, ஆசிரியனை மறுத்துப் பேச விடுகிற, தட்டுக் கழுவ யாரும் கூசாத அந்த ஊர்ப் பழக்கங்களில் எத்தனை, அந்தக் காலியான கோயில்களிலிருந்து வெளியே போனவை என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நம் கோயில்கள் நிரம்பி வழிகின்றன, சரி. வெளியே என்ன போகிறது?

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. தனியாக எப்படி அனுப்புவது என்று என் அம்மாவும் அழுதார். இரவு பத்து மணிக்குத் தனியாக சைக்கிளில் ஸ்டேஷனிலிருந்து விடுதிக்கு வந்திருக்கிறேன். நம் புதிய பஸ் ஸ்டாண்டில் அதே நேரத்தில் நிற்க எனக்கு இன்றும் பயம். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

"வெளிநாடு போனாத்தான் அக்கா எனக்கு அழைப்பு உறுதியாகும்" என்று ஒரு தங்கை சொன்னாள். அவளுக்காக ஒரு கதை. அமெரிக்காவின் நார்த்ஃபீல்டில் படித்த ஒரு பெண், இந்தியா பக்கமே இனித் தலைவைத்துப் படுப்பதில்லை என்று இருந்தவள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வேண்டாவெறுப்பாகத் திண்டிவனம் வந்தாள். அப்பா அங்கே மிஷன் டாக்டர். ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து மூன்று ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் மனைவிக்கு உதவி கேட்டார்கள். ஆண் டாக்டரை உள்ளே விட மாட்டோம், நீ வா என்றார்கள். அவளுக்கு வைத்தியம் தெரியாது. காலையில் மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். ஒரு பிராமணக் குடும்பம், ஒரு முஸ்லிம் குடும்பம், ஒரு முதலியார் குடும்பம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண், ஐடா ஸ்கடர், கப்பலேறிப் போய் 1899இல் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பினார். வேலூர் சி.எம்.சி. அதிலிருந்து வந்தது. நம் ஊரில் ஸ்கடர் பெயரைச் சுமக்கும் பள்ளியைத் தாண்டித்தான் நீங்கள் டியூஷனுக்குப் போகிறீர்கள். அழைப்பு அவரைத் தேடி வந்தது திண்டிவனத்தில். படிப்புக்காகத்தான் அவர் கடல் கடந்தார். இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டு, அங்கே போனால் ஏதாவது தோன்றும் என்று கிளம்பினால், டிசம்பர் இருட்டில் எதுவும் தோன்றாது.

ஆக, இந்த வருஷம் விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இது. ஒரு சனிக்கிழமை தரங்கம்பாடிக்குப் போய் வாருங்கள். விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து மயிலாடுதுறைக்கு ரயில் இருக்கிறது, அங்கிருந்து பஸ். புதிய எருசலேம் ஆலயத்தில் சீகன்பால்கின் கல்லறையைப் பாருங்கள். ஆரோன் 1733இல் அபிஷேகம் பெற்ற ஊர் அது. லுத்தரன் போதகரான முதல் இந்தியர் அவர். உங்கள் தாத்தா பாட்டியிடம் நம் சபை எப்போது, யாரால், எந்தத் தெருவில் தொடங்கியது என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். அதன்பின் பள்ளியின் இணையத்திலிருந்து விண்ணப்பத்தை நீங்களே இறக்குங்கள். கட்டணம், பணம் திரும்பக் கிடைக்கும் விதி, பயிற்று மொழி இந்த மூன்றையும் கோடிட்டு எடுத்து வாருங்கள். "ஏன் எங்கள் பள்ளிக்கு வர விரும்புகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்குப் பதிலை யாரிடமும் எழுதி வாங்காதீர்கள், என்னிடமும். மற்றதை ஞாயிறு ஆராதனை முடிந்து கூடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். நோட்டு இல்லாமல் வருகிறவர்களுக்கு டீ மட்டும் கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
திண்டிவனம்